இல்லாத பஞ்சு

எங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு இருக்கும் அப்பாவின் படத்தில், அவர் போட்டிருக்கும் சட்டை அவருடையது அல்ல. மஞ்சளேறிப்போன வெள்ளைச் சட்டை. தோள்பட்டை இரண்டு பக்கமும் தொங்கும். காலரில் ஒரு தையல் ஓடியிருப்பது கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காகக் குடும்பத்தோடு எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் பிரித்துப் பெரிதாக்கிய படம் அது. அவர் இறந்த அன்று அவசரத்துக்கு வேறு படம் கைக்குக் கிடைக்கவில்லை. வருகிறவர்கள், "எப்படி உடுத்துற மனுசன், அவருக்கு இந்தப் படமா கெடச்சுது?" என்று கேட்காமல் போவதில்லை. எனக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்று கோபம் வரும். பிறகு, அவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக் காபி போடப் போய்விடுவேன்.

அப்பா பனியன் கம்பெனியில், துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் டைலர். எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது தென்காசிப் பக்கத்திலிருந்து, ஒரு வருசம் பார்ப்போம் என்று திருப்பூருக்கு வந்தவர். அந்த ஒரு வருசம் முடியவே இல்லை. பெருமாநல்லூர் ரோட்டில் எட்டு வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லைன் வீட்டில் மூன்றாவது எங்களுடையது. ஓர் அறை, சமைக்க ஓர் இடுக்கு, வாசலுக்கு எதிரே எட்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு துவைக்கும் கல். சாயங்காலம் கம்பெனிகள் விட்டதும் ரோடு நிறைய ஆட்கள் வருவார்கள். எல்லார் தலையிலும் சட்டையிலும் துணிப் பஞ்சு ஒட்டியிருக்கும். சிவப்புத் துணி ஓடினால் சிவப்புப் பஞ்சு, நீலம் ஓடினால் நீலப் பஞ்சு. யார் கம்பெனியில் என்ன ஆர்டர் என்பதைத் தலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அப்பா வாசலிலேயே நின்று, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, வலது தோள், இடது தோள், பிறகு மார்பு என்று பட்பட்டென்று தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அந்தச் சத்தம் கேட்டால் நான் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிற மாதிரி உட்கார்ந்துவிடுவேன்.

அந்த வீட்டில் வசதி ஒன்றும் கிடையாது, அது வேறு விஷயம். ஆனால் உடுத்துவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. ஏற்றுமதிக்குத் தைத்து, எங்கோ ஒரு நூல் விலகியதால் தள்ளப்பட்ட துணிகளெல்லாம் கிலோ கணக்கில் கிடைக்கும். ஐரோப்பாவில் எவனோ பணக்காரப் பையன் போட வேண்டிய டீ சர்ட்டைப் பாவாடைக்கு மேல் போட்டுக்கொண்டு நான் ரேஷன் கடை வரிசையில் நிற்பேன். அடுப்படியில் கரித்துணிகூட வெளிநாட்டு எழுத்தோடுதான் கிடக்கும். அப்பா இன்னும் ஒரு படி மேலே. கம்பெனிக்குப் போகும்போது இஸ்திரி மடிப்புக் கலையாது. காலரில் ஒரு நூல் தொங்கினால் பல்லால் கடித்து எடுத்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறுவார்.

இதற்கு நேர்மாறானவர் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர். தென்னந்தோப்பு, இந்த எட்டு வீடுகள், பின்னால் இன்னொரு வரிசை எல்லாம் அவருக்குச் சொந்தம். ஆனால் மனுசன் இடுப்பில் சாயம் போன வேட்டியும் மேலே ஓட்டை விழுந்த பனியனுமாகத்தான் திரிவார். பனியன் ஊரில் இருந்துகொண்டு ஓட்டைப் பனியன் போடுகிறாரே என்று அப்பாவுக்கு அவர்மேல் தீராத வருத்தம்.

நான் பிளஸ் டூ படித்த வருசம் அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவள் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று நின்றபடியே பார்க்கும் வேலை. முதலில் மாடிப்படியில் மூச்சு வாங்கியது. பிறகு தரையில் நடந்தாலே வாங்கியது. கடைசியில் வேலைக்குப் போவதை நிறுத்தினாள். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்ற வேண்டும், தீபாவளிவரைகூடத் தள்ளிப்போடக் கூடாது என்றார். செலவைக் கேட்டதும் அப்பா என் முகத்தைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். டாக்டரே சொன்னார், அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் நீங்கள் ஒன்றும் கட்ட வேண்டாம், இங்கேயே செய்துவிடலாம் என்று. அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். அவ்வளவுதான். எங்களுக்கு அது சுலபமான காரியம் என்றுதான் நினைத்தேன். ஏழை என்று காட்ட எங்களுக்கென்ன கஷ்டம்?

கிராம நிர்வாக அலுவலகத்துக்கு அப்பாவும் நானும் போனோம். அலுவலர் நடுத்தர வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். "வருமானம் எவ்வளவு வருதுங்க?" என்று கேட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். திருப்பூரில் மாசம் எவ்வளவு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. டைலருக்குச் சம்பளம் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. பெண் கேட்டு வருகிறவன் சொல்வதும் வாரச் சம்பளம், வீடு வாடகைக்குக் கேட்கிறவன் சொல்வதும் வாரச் சம்பளம். அதுவும் எந்த வாரம்? ஆர்டர் குவிந்து, ஒரு நாளைக்கு ஒன்றரை ஷிப்ட் ஓடி, கை நிறைய வாங்கிய ஏதோ ஒரு வாரம். அதைத்தான் ஆயுசுக்கும் தன் சம்பளமாகச் சொல்வார்கள். கேட்கிறவருக்கும் அது தெரியும், மனசுக்குள் பாதியாகக் குறைத்துக்கொள்வார். அப்பா அந்த வாரத்துச் சம்பளத்தை, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அலுவலரிடம் சொன்னார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். கணக்கில் நான் கெட்டி என்று எனக்கு ஒரு திமிர். அலுவலர் பேனாவை எடுப்பதற்குள் ஐம்பத்திரண்டால் பெருக்கி, "வருசத்துக்கு இவ்வளவு சார்" என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்குக் கெட்டது இரண்டு வாய்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார். மடிப்புக் கலையாத அப்பா, மார்பில் வெளிநாட்டு எழுத்தோடு நான். "இது வரம்புக்கு மேல போகுதுங்களே. இதுக்குக் கார்டு வராதுங்க" என்றார். அப்பாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. தன் சம்பளத்தை ஒரு அதிகாரி பெரிது என்று சொல்லிவிட்டார் என்று ஒரு நொடி அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அடுத்த நொடி அது அப்படியே வாடியது.

வீட்டுக்காரரின் மனைவி, வீட்டுக்கார அம்மாதான் முதலில் எங்களைப் பிடித்துக்கொண்டது. பால் கணக்கு, தண்ணீர்த் தொட்டி என்று எதற்கெடுத்தாலும் லைனுக்கு வந்து நிற்கிற அம்மா. விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டது. "ஏனுங்க டைலரு, அங்க போயா பெருமை பேசுவீங்க? வருசம் பூராவும் அந்தச் சம்பளமாங்க வாங்குறீங்க? அம்மிணி, கூடப் போன நீயாவது சொல்லக் கூடாதா கண்ணு?" என்று ஆளுக்குப் பாதியாகத் திட்டியது.

"அதுக்காக ஒண்ணுமில்லாதவன்னு போயி நிக்கச் சொல்லுதீங்களா? நான் என்ன பிச்சையா எடுக்கேன்?" என்றார் அப்பா.

"பிச்சை எடுக்கச் சொல்லலீங்க. உள்ளதைச் சொல்லச் சொல்றனுங்க. இந்தத் துணியப் போட்டுட்டுப் போயி ஏழைன்னா எவன் நம்புவான்? பழசா ஒண்ணு எடுத்துப் போடுங்க."

பழசு எங்கே இருக்கிறது? டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். எடுக்க எடுக்கப் புத்தம் புதிதாக வந்தது. நானும் அம்மாவும் சிரிக்க ஆரம்பித்துவிட்டோம். அம்மாவுக்குச் சிரித்தால் மூச்சு வாங்கியது, அதனால் நிறுத்தினோம். கடைசியில் வீட்டுக்கார அம்மா தன் வீட்டுக்குப் போய் ஒரு சட்டையைக் கொண்டுவந்தது. வீட்டுக்காரர் விசேஷத்துக்கும் அரசாங்க ஆபீசுக்கும் மட்டும் போடுகிற சட்டை. மஞ்சளேறி, காலர் இரண்டாகப் பிய்ந்து வாய் பிளந்திருந்தது. "எங்கூட்டுக்காரரோடது. இதைப் போட்டுட்டுப் போங்க" என்றது. இருக்கிறதிலேயே பணக்காரரின் சட்டைதான் அந்த லைனில் ஏழைச் சட்டை.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, ஊசி நூலோடு, அந்தக் காலரைத் தைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எதுக்குப்பா தைக்கீங்க? கிழிஞ்சது தெரியணும்னுதானே இதைப் போடுதீங்க?"

"சும்மா கெட புள்ள. ஒரு டைலர் வாயப் பொளந்த காலரோட ரோட்டுல போவானா?" என்றார். தைத்து முடித்து, நூலைக் கடித்து, விரலால் நீவி, இஸ்திரியும் போட்டார். என்ன சொல்லி அவரோடு மல்லுக்கட்டுவது?

இந்த முறை அம்மாவும் வருவேன் என்றாள். வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி அலுவலகம் வரைக்குமான கொஞ்ச தூரத்தில் மூன்று இடத்தில் நின்றாள். ஒவ்வொரு தடவையும் செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்வாள். அப்பா பக்கத்தில் நின்று, ரோட்டில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலர் அம்மாவை உட்காரச் சொன்னார். பிறகு அப்பாவையே பார்த்தார். பார்வை சட்டையில் நின்றது. "இந்தச் சட்டைய நான் பாத்திருக்கேனுங்களே" என்றார். "பட்டா மாறுதலுக்கு நம்ம தோட்டத்துக்காரர் ஒருத்தரு இதைப் போட்டுட்டு ஒரு மாசம் நடந்தாரு. காலர் கிழிஞ்சிருக்கும். இப்பத் தெச்சிருக்குது, அவ்வளவுதான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் சார் தெச்சேன்" என்றார், திருட்டை ஒத்துக்கொள்கிறவர் மாதிரி.

"தையல் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார் அலுவலர். சிரிப்பு இல்லை. "போன வாரம் ஒரு வருமானம் சொன்னீங்க. இந்த வாரம் சட்டைய மாத்திட்டு வந்து வேற சொன்னா, நான் எதைங்க எழுதுறது?"

அம்மாவின் உயிர் அந்த மேசையில் ஒரு காகிதமாகக் கிடந்தது. அலுவலர் நல்ல மனுசன்தான், ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அப்பா அந்தத் தைத்த காலரை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

"எல்லா வாரமும் வேலை இல்ல சார்."

"எத்தனை வாரம் இல்லீங்க?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். என்னை வெளியே போகச் சொல்லலாமா என்று யோசித்திருப்பார். "தை மாசம் முச்சூடும் இல்ல. மாசில பத்து நாளு. பங்குனில திரும்பவும் நின்னுட்டு. வாரத்துக்கு ரெண்டு ஷிப்ட், சில வாரம் அதுவும் கெடையாது" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தை மாசம் முழுக்க அவர் தினமும் காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு சைக்கிளில் போனாரே. சாயங்காலம் வந்தாரே. சம்பளம் எங்கே என்று நான் கேட்டால், ஷிப்மெண்ட் போனதும் மொத்தமாகத் தருவார்கள் என்றாரே. "அப்ப எங்கப்பா போனீங்க?" என்று அங்கேயே கேட்டுவிட்டேன்.

"கம்பெனி கம்பெனியா ஏறி எறங்குவேன். அவிநாசிபாளையம் வரைக்கும் போயிருக்கேன். எங்கயும் டைலர் தேவைன்னு போர்டே இல்ல. மத்தியானம் ஸ்டேசன்ல உக்காந்து சாப்பிடுவேன்" என்றார்.

அலுவலர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைச் சொல்றதுக்கு வேற யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்ட மாதிரி இல்லை. எழுதுவதற்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்று கேட்ட மாதிரி இருந்தது.

"நான் சொல்லுதேன் சார்" என்றாள் அம்மா.

அப்பா திரும்பிப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த மனுசன்.

"துணி தொவைக்கது நான்லா சார். வேலைக்குப் போன சட்டைய முக்குனா தண்ணி மேல பஞ்சு மெதக்கும். தை மாசம் பூரா தண்ணி தெளிவாக் கெடந்துச்சு." அம்மா மூச்சு வாங்க நிறுத்தினாள். பிறகு, "ஆனா தெனமும் வாசல்ல நின்னு தட்டிட்டுத்தான் சார் உள்ள வருவாங்க. இல்லாத பஞ்சை" என்றாள்.

அலுவலர் ஒரு தாளை இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு எந்தெந்தக் கம்பெனி, எந்தெந்த மாசம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். "கம்பெனில விசாரிச்சுட்டு எழுதுறனுங்க. உள்ளது அப்படித்தான்னா வரம்புக்குள்ளதான் வரும். அம்மாவ மறுபடியும் அலைய விடாதீங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் அப்பாவும் அம்மாவும் ஒரே கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன், ஆனால் காது அங்கேதான் இருந்தது.

"எப்பம் தெரியும் ஒனக்கு?"

"மொத நாளே."

"கேக்கலையே நீ."

"கேட்டா தட்டுறத நிறுத்திருவீங்க. தட்டிட்டு உள்ள வரும்போது ஒங்க மொகம் நல்லா இருக்கும்" என்றாள் அம்மா.

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வையைத் துடைப்பவர் மாதிரி. எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பாசம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. கூடவே, ஐம்பத்திரண்டால் பெருக்கிய என் வாயில் நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது.

சான்று வந்தது. அட்டைக்குப் படம் எடுக்கக் குடும்பத்தோடு கலெக்டர் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். அப்பா தன் நல்ல சட்டையை எடுத்தார். வீட்டுக்கார அம்மா விடவில்லை. "ராசியான சட்டைங்க அது. காரியம் முடியற வரைக்கும் மாத்தாதீங்க" என்றது. அந்தத் தொங்கும் தோள்பட்டையோடுதான் அப்பா கேமரா முன்னால் உட்கார்ந்தார். படம் எடுக்கிறவர் ரெடி என்று சொல்வதற்கு முன்னால், பழக்கத்தில், இரண்டு தோளையும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதனால்தான் அட்டையில் அம்மாவின் முகம் மட்டும் கொஞ்சம் கலங்கலாக விழுந்திருக்கிறது.

அறுவை சிகிச்சை தீபாவளிக்கு முன்னால் நடந்தது. நாங்கள் ஒன்றும் கட்டவில்லை. அப்பா சட்டையைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். வீட்டுக்காரர் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எதுக்குங்க தெச்சீங்க? காத்து வரட்டும்னு உட்டு வெச்சிருந்தனுங்க" என்றார். அப்பா அதைப் பத்து வருசம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வேலை இல்லாத நாள்களில் அப்பா வீட்டிலேயே இருந்தார். காய் நறுக்கிக் கொடுப்பார், எனக்கு எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். வேலை இருந்த நாள்களில் வாசலில் நின்று தட்டுவார். அந்த வருசங்கள்தான் எங்கள் வீட்டில் நல்ல வருசங்கள். அந்த லைன் வீடு இப்போது இல்லை, அங்கே ஒரு பிரிண்டிங் யூனிட் வந்துவிட்டது. துவைக்கிற கல்லும் போயிற்று. நானும் ஒரு கம்பெனி ஆபீசில்தான் வேலை பார்க்கிறேன். தையல் பிரிவுப் பெண்கள் அட்டைக்கு மனு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். சம்பளத்தைச் சொல்லும்போது அவர்கள் முகம் நிமிர்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். நிமிர்ந்தால், பெருக்குவதில்லை. டீ வாங்கிக் கொடுத்து, தை மாசம் எப்படி இருந்தது என்று கேட்பேன்.

அப்பா போய் மூன்று வருசமாகிறது. புது வால்வோடு அம்மா என்னுடன் நன்றாக இருக்கிறாள். தினமும் சாயங்காலம், கம்பெனிகள் விடுகிற நேரத்துக்கு, அந்தப் படத்தின் முன்னால் போய் நிற்பாள். சேலைத் தலைப்பால் வலது தோளில் ஒரு தட்டு, இடது தோளில் ஒரு தட்டு.

"கண்ணாடி பளிச்சுன்னுதானம்மா இருக்கு, தூசியே இல்லையே" என்றேன் ஒருநாள்.

"அவங்களும் பஞ்சு இல்லாமத்தானே தட்டுனாங்க" என்றாள்.